"ரெண்டு விரல், மூணு விரல்" என்கிறார்களே, லேபர் வார்டில் உண்மையில் எதையெல்லாம் பார்க்கிறார்கள்?

பொதிகைச்சாரல் கேட்டது:

எனக்கு இப்போது 36 வாரம் நடக்கிறது, தலைச்சன் பிள்ளை. வளைகாப்பு முடிந்து தென்காசிப் பக்கம் அம்மா வீட்டில் இருக்கிறேன். ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது, தெரிந்தவர்கள் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

போன வருடம் என் நாத்தனாருக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவம். காலை 6 மணிக்கு வலி என்று சேர்த்தோம். சிஸ்டர் பார்த்துவிட்டு "ஒரு விரல்தான் திறந்திருக்கு" என்றார். மதியம் "ரெண்டு விரல்". சாயங்காலமும் "ரெண்டு விரல்தான், பார்க்கலாம்". நடுவில் டிரிப்ஸ் ஏற்றினார்கள், எதற்கு என்று கேட்டால் "வலி வர்றதுக்கு" என்பதோடு சரி. இரவு 8 மணிக்கு டாக்டர் வந்தார், கால் மணி நேரத்தில் "தலை இறங்கலை, குழந்தையோட ஹார்ட் பீட் குறையுது, உடனே ஆபரேஷன்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த 14 மணி நேரம் உள்ளே என்ன நடந்தது என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு இந்த விரல் கணக்கைத் தவிர எதுவும் தெரியாது. படுத்திருந்தவளுக்கே தெரியவில்லை என்கிறாள்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு அவள் ஃபைலைப் புரட்டிப் பார்த்தேன். நடுவில் கட்டம் கட்டமாக ஒரு தாள், அதில் சாய்வாக இரண்டு கோடுகள் அச்சடித்திருந்தது. மேலே பெயர், வயது, தேதி மட்டும் எழுதி மீதி எல்லாம் காலி. அது என்ன தாள்? அடிக்கடி வந்து பார்ப்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள், எத்தனை நேரத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்? என் முறை வரும்போது நானோ அம்மாவோ என்ன கேட்கலாம்?


இரவுப்பணி_செவிலி பதில்:

தங்கச்சி, நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸ், 11 வருடமாகப் பிரசவம் பார்க்கிறேன். நீங்கள் பார்த்த அந்தக் கட்டம் போட்ட தாளுக்குப் பெயர் பார்ட்டோகிராஃப். வார்டில் எங்களுக்கு வெறும் "பார்ட்டோ". உங்கள் கேள்விக்கான பதில் முழுவதும் அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது, அதைக் காலியாக விட்டிருக்கிறார்கள் என்று படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விரல் கணக்கு. கர்ப்பப்பையின் வாயைச் சுருக்குப்பையின் வாய் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் இறுகி, தடித்து, மூடி இருந்தது வலி வரவர மெலிந்து, பிறகு திறக்கிறது. தலைச்சன் பிரசவத்தில் பெரும்பாலும் முதலில் மெலிந்துவிட்டுத்தான் திறக்கும், அடுத்த பிரசவங்களில் இரண்டும் சேர்ந்தே நடக்கும். இரண்டு விரல் நுழைந்தால் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர், முழுக்கத் திறந்தால் 10. தாளில் சென்டிமீட்டரில்தான் எழுதுவோம், ஏனென்றால் என் விரலும் அடுத்த ஷிப்டில் வரும் சிஸ்டர் விரலும் ஒரே தடிமன் இல்லை. இப்படி உள்ளே கைவிட்டுப் பார்ப்பதை "பி.வி. பார்ப்பது" என்போம். சாதாரணமாக 4 மணி நேரத்துக்கு ஒரு முறை போதும். வருகிறவர் போகிறவர் எல்லாம் மணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, அதிலும் பனிக்குடம் உடைந்த பிறகு ஒவ்வொரு முறையும் கிருமி உள்ளே போக ஒரு வழிதான்.

ஆனால் வாய் திறப்பது மட்டும் பிரசவம் இல்லை. வலி இருக்க வேண்டும், தலை இறங்க வேண்டும், இரண்டையும் பிள்ளை தாங்க வேண்டும், அம்மா உடம்பு தாங்க வேண்டும். இத்தனையையும் ஒரே தாளில், ஒரே நேரக்கோட்டில் எழுதுகிறோம்.

வலியை எப்படி அளப்போம் என்றால், மிஷின் ஒன்றும் வேண்டாம், வயிற்றின் மேல்பக்கத்தில் கையைத் தட்டையாக வைத்துக்கொண்டு முழுசாக 10 நிமிடம் உட்கார வேண்டும். கைக்குக் கீழே வயிறு மெல்ல இறுகி மேலெழும்பும், அப்போது கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்போம், தளரும்போது நிறுத்துவோம். 20 விநாடிக்குக் குறைவா, 20 முதல் 40 வரையா, 40க்கு மேலா, 10 நிமிடத்தில் இப்படி எத்தனை முறை. படிக்கும்போது எங்கள் டியூட்டர் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார்: வலியின் உச்சத்தில் வயிறு மூக்கு நுனி மாதிரி அமுங்கினால் லேசான வலி, தாடை மாதிரி இருந்தால் நடுத்தரம், நெற்றி மாதிரி அமுங்கவே இல்லை என்றால் நல்ல வலி. இன்றைக்கும் என் கை அப்படித்தான் கணக்குப் போடுகிறது. இதை அரை மணிக்கு ஒரு முறை செய்ய வேண்டும். நான்கு அம்மாக்கள் ஒரே நேரத்தில் படுத்திருந்து, பார்க்க ஒரே ஒரு சிஸ்டர் இருந்தால் அந்த 10 நிமிடம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது உங்களுக்குப் புரியும்.

தலை இறங்குவதையும் வயிற்றுக்கு வெளியிலிருந்தே பார்க்கலாம். இடுப்பெலும்புக்கு மேலே ஐந்து விரல் அளவு தலை தட்டுப்பட்டால் 5/5, அதாவது இன்னும் உள்ளே நுழையவே இல்லை. இரண்டு விரல் மட்டும் தட்டுப்பட்டால் 2/5, பெரும்பகுதி இறங்கிவிட்டது. இங்கே ஒரு சின்ன விஷயம், மூத்திரப்பை நிறைந்திருந்தால் தலை இறங்க இடைஞ்சல். இரண்டு மணிக்கு ஒரு தடவை போய்விட்டு வரச் சொல்வோம், சலித்துக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டு வாருங்கள்.

பிள்ளையின் இதயத் துடிப்பு அரை மணிக்கு ஒரு முறையாவது. 110க்கும் 160க்கும் நடுவில் இருந்தால் நல்லது. டாப்ளரை (துடிப்பைக் கேட்கும் சின்னக் கருவி) வைத்து இரண்டு விநாடி 'டக் டக்' கேட்டதும் எடுத்துவிடக் கூடாது, வலி வந்து போகும் நேரத்திலும் அது தளர்ந்த பிறகும் சேர்த்து ஒரு முழு நிமிடம் கேட்க வேண்டும். வலி நேரத்தில் கொஞ்சம் குறைந்து உடனே ஏறினால் பெரும்பாலும் கவலை இல்லை, வலி போன பிறகும் ஏறாமல் கீழேயே இருந்தால் அதுதான் எங்களை ஓட வைக்கும். முக்க ஆரம்பித்த பிறகு 5 நிமிடத்துக்கு ஒரு முறை கேட்க வேண்டும்.

பனிக்குட நீர் உடையவில்லையா, தெளிவா, பச்சையா, ரத்தமா என்று அதற்கு ஒரு வரிசை. பிள்ளையின் மண்டை எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறதா என்பதற்கு ஒரு வரிசை. வழி குறுகலாக இருந்து தலை நெரிபடும்போது எலும்புகள் ஒன்றையொன்று மூடிக்கொள்ளும், அது கூடிக்கொண்டே போனால் இனி காத்திருப்பதில் பயன் இல்லை. எங்கள் நிலையத்தில் வைத்திருக்கும் எளிய தாளில் சிலவற்றைச் சுருக்கியிருப்பார்கள், பெரிய ஆஸ்பத்திரித் தாளில் எல்லாம் இருக்கும். அம்மாவுக்கு நாடி அரை மணிக்கு, பிரஷரும் காய்ச்சலும் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை.

இப்போது அந்தச் சாய்ந்த கோடுகளுக்கு வருகிறேன். முதல் கோட்டுக்கு அலெர்ட் லைன் என்று பெயர், எச்சரிக்கைக் கோடு. 4 சென்டிமீட்டரில் தொடங்கி மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று மேலே ஏறும். அதற்கு 4 மணி நேரம் வலப்புறம் தள்ளி இரண்டாவது கோடு, ஆக்ஷன் லைன், அதாவது இதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்ற கோடு. நாங்கள் வைக்கும் புள்ளிகள் முதல் கோட்டுக்கு இடப்புறமே ஏறிக்கொண்டிருந்தால் நிம்மதி. வலப்புறம் சாய ஆரம்பித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் எங்களுக்கு அதற்கு அர்த்தம், இனி இங்கே வைத்திருக்காதே, மேலே அனுப்பு.

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்தது ஒன்று சொல்கிறேன். தலைச்சன் பிரசவம், 20 வயதுப் பெண். இரவு 10 மணிக்கு 4 சென்டிமீட்டர், தலை 4/5. வலி 10 நிமிடத்தில் மூன்று. இரண்டு மணிக்குப் பார்த்தேன், 8 இருந்திருக்க வேண்டும், 6தான் இருந்தது. தலை அதே 4/5. பிள்ளைத் துடிப்பு 140, அம்மா தெம்பாகப் பேசுகிறாள், கூட வந்த மாமியார் "விடியட்டும் சிஸ்டர், பிறந்துடும்" என்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் பயப்பட எதுவும் இல்லை. தாளில் அந்தப் புள்ளியை வைத்ததும் கோடு வளைந்து வலப்புறம் போனது கண்ணுக்குத் தெரிந்தது. மெடிக்கல் ஆபீஸருக்குப் போன், அப்புறம் 108, சிசேரியன் வசதி உள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு (சீமாங்க் மையம் என்போம்) 40 நிமிடம். தாளைக் கையிலேயே கொடுத்தனுப்பினேன். அங்கே டியூட்டியில் இருந்த டாக்டர் அதை வாங்கி ஒரு முறை பார்த்துவிட்டு வேறு கேள்வியே கேட்கவில்லை என்று கூடப்போன ஆயாம்மா வந்து சொன்னார். காலை 5 மணிக்குச் சிசேரியன், 3.6 கிலோ ஆண் குழந்தை. விடியும் வரை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிக்க விரும்பவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். நான் முதன்முதலில் வேலை பார்த்த இடத்தில் பார்ட்டோவைப் பிள்ளை பிறந்த பிறகு உட்கார்ந்து எழுதுவார்கள். எல்லாப் புள்ளியும் கோட்டுக்கு இடப்புறம், வரிசையாக, அழகாக. நானும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் எழுதினேன், ஆள் இல்லை, நேரம் இல்லை, ஆடிட்டுக்குத் தாள் நிறைந்திருக்க வேண்டும் என்பார்கள். அது அந்தப் பெண்களுக்கு நாங்கள் செய்த பெரிய தவறு. அப்போதைக்கப்போது வைக்காத புள்ளியால் அவளுக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது.


கரிசல்காட்டான் பதில்:

சிஸ்டர் எழுதியதைப் படித்தேன், கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் எல்லா இடத்திலும் இப்படி நடக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். என் மனைவிக்கு இரண்டாவது பிரசவம், முதல் குழந்தை சுகப்பிரசவம். இரண்டாவதுக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்து ஐந்து மணி நேரத்தில் "ப்ராக்ரஸ் இல்லை" என்று ஆபரேஷன். எதை வைத்து ப்ராக்ரஸ் இல்லை என்கிறீர்கள் என்று கேட்டேன், "உங்களுக்குச் சொன்னா புரியாது சார்" என்றார்கள். நான் ஐ.டி.ஐ. படித்தவன், தினமும் மிஷின் ரீடிங் எழுதுகிறவன், எனக்குக் கிராஃப் புரியாதா? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 100க்கு 45 பிரசவம் சிசேரியன், தனியாரில் மட்டும் எடுத்தால் 100க்கு 64க்கு அருகில். இதில் எத்தனை உண்மையிலேயே தேவைப்பட்டது என்று அந்தத் தாள் இருந்தால்தானே யாராவது சொல்ல முடியும்? பொதிகைச்சாரல், சேர்க்கும்போதே தாளைக் கேளுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. கோபமாக எழுதியிருந்தால் மன்னியுங்கள், இன்னும் ஆறவில்லை.


வார்டு_ரவுண்ட்ஸ் பதில்:

நான் மகப்பேறு மருத்துவர், அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். கரிசல்காட்டான், "சொன்னா புரியாது" என்று உங்களிடம் சொன்னது தவறு, அதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. உங்கள் மனைவியின் கேஸ் தெரியாமல் ஆபரேஷன் தேவையா இல்லையா என்றும் சொல்ல மாட்டேன். ஐந்து மணி நேரம் என்பது எந்தச் சென்டிமீட்டரிலிருந்து ஐந்து மணி நேரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அதனால் அந்தக் கோடுகள் எங்கிருந்து வந்தன என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

1950களில் நியூயார்க்கில் இமானுவேல் ஃப்ரீட்மன் என்ற மருத்துவர் பிரசவ வலியில் இருந்த பெண்களின் கர்ப்பப்பை வாய் திறப்பை நேரத்தோடு சேர்த்து வரைந்து பார்த்தார். 1954இல் முதல் கட்டுரை வந்தது. அவர் கண்டது, முதலில் நீண்ட நேரம் மெதுவாக ஊர்ந்து, பிறகு ஒரு கட்டத்தில் வேகமெடுத்து ஏறும் ஒரு வளைவு. அந்த மெதுவான பகுதிதான் நம் வீடுகளில் "வலி வந்தும் வராமலும் இழுத்தடிக்கிறது" என்று சொல்லும் நேரம். கோடு வந்தது ஆப்பிரிக்காவிலிருந்து. இன்றைய ஜிம்பாப்வே, அன்றைய ரொடீசியாவில், ஃபில்பாட், காஸில் என்ற இருவர் 1972இல் அலெர்ட் லைனையும் ஆக்ஷன் லைனையும் வெளியிட்டார்கள். அங்கே ஊர்ப்புறத்தில் பிரசவம் பார்த்தவர்கள் மிட்வைஃபுகள், அதாவது பயிற்சி பெற்ற பிரசவச் செவிலியர்கள், டாக்டர் இருந்தது தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில். எந்தத் தாயை எப்போது வண்டி ஏற்ற வேண்டும் என்று மிட்வைஃபே முடிவெடுக்க ஒரு கோடு, போய்ச் சேர்ந்து மருத்துவம் தொடங்க 4 மணி நேர இடைவெளி. மேலே சிஸ்டர் அன்றைக்கு இரவு இரண்டு மணிக்குச் செய்தது அந்தக் கோடு எதற்காகப் பிறந்ததோ அச்சு அசலாக அதுதான்.

பிறகு உலக சுகாதார நிறுவனம் இதை எடுத்துக்கொண்டு இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்தில் 35,484 பெண்களிடம் சோதித்து 1994இல் முடிவை வெளியிட்டது. 18 மணி நேரத்துக்கு மேல் இழுத்த பிரசவங்கள் 6.4 சதவீதத்திலிருந்து 3.4 ஆகவும், வலியைக் கூட்ட மருந்து ஏற்ற வேண்டி வந்தவை 20.7 சதவீதத்திலிருந்து 9.1 ஆகவும் குறைந்தன. நேர்மையாகச் சொன்னால், பிற்பாடு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்குத் தாள் வைப்பதாலேயே சிசேரியன் குறைகிறது என்பதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. புள்ளி சாயும்போது யாராவது வந்து பார்த்து முடிவெடுத்தால்தான் தாளுக்குப் பயன்.

இப்போது முக்கியமான மாற்றம். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது, நன்றாகப் பிள்ளை பெற்றுக்கொள்ளும் பலரே அதைவிட மெதுவாகத்தான் போகிறார்கள் என்று தெரிந்த பிறகு, 2018இல் உலக சுகாதார நிறுவனம் தன் பழைய கணக்கைத் திருத்தியது. உண்மையான வேகம் பிடிப்பது 5 சென்டிமீட்டரில் என்று வைத்துக்கொள்ளச் சொன்னது. அதற்குப் பிறகு தலைச்சனுக்கு 12 மணி நேரம் வரையும், அடுத்தடுத்த பிரசவத்துக்கு 10 மணி நேரம் வரையும் ஆகலாம். 5க்கு முன்னால் இவ்வளவு நேரத்தில் முடிய வேண்டும் என்று எந்த வரையறையும் இல்லை. 2020இல் புதுத் தாளும் வந்தது. அதில் சாய்வுக் கோடே கிடையாது, ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் தனித்தனி நேரம். 5இல் 6 மணி நேரம் நின்றால் கவனி, 6இல் 5 மணி நேரம், 7இல் 3, 8இல் இரண்டரை, 9இல் 2 என்று இருக்கும். எனக்கு அந்தத் தாளில் பிடித்தது முதல் சில வரிகள்தான்: கூட ஆள் இருக்கிறார்களா, வலிக்கு ஆறுதல் கொடுத்தீர்களா, குடிக்கக் கொடுத்தீர்களா, எப்படிப் படுத்திருக்கிறாள் என்பதையும் மணிக்கு ஒரு முறை குறிக்கச் சொல்கிறது. பல இடங்களில் இன்னும் 4 சென்டிமீட்டர் தாள்தான் இருக்கிறது, அதனால் சிஸ்டர் சொன்னது தவறில்லை, அவர் கையில் இருக்கும் தாளுக்கு அதுதான் விதி.

பொதிகைச்சாரல், உங்கள் நாத்தனார் விஷயம். மதியத்திலிருந்து சாயங்காலம் வரை "ரெண்டு விரல்" என்றால் அவர் இன்னும் அந்த மெதுவான பகுதியிலேயே இருந்திருக்க வாய்ப்பு அதிகம், அது மட்டும் ஆபரேஷனுக்குக் காரணம் ஆகாது. ஆனால் துடிப்பு குறைந்தது உண்மை என்றால் அது தனிக் காரணம், அப்போது காத்திருக்கக் கூடாது. டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்ததால் வலி மிகுந்துபோய்த் துடிப்பு குறைந்ததா என்ற கேள்வியும் எனக்கு வருகிறது. இதற்கெல்லாம் விடை இருக்க வேண்டிய ஒரே இடம் அந்தக் காலித் தாள்.


பொதிகைச்சாரல்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன், "எங்க காலத்துல மருத்துவச்சி மூஞ்சியப் பார்த்தே சொல்லிடுவா" என்றார், ஆனால் கடைசி வரை கேட்டார். சிஸ்டர், டாக்டர், இன்னும் சில கேள்விகள். டிரிப்ஸ் போட்டால் பயப்பட வேண்டுமா? பி.வி. பார்க்கும்போது ரொம்ப வலிக்கும் என்கிறார்கள், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லலாமா? தாளைக் காட்டுங்கள் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்றும் இருக்கிறது, வலியில் படுத்திருக்கும்போது அவர்களைப் பகைத்துக்கொள்ள முடியுமா சொல்லுங்கள்.


இரவுப்பணி_செவிலி பதில்:

தங்கச்சி, அம்மா சொல்வதில் உண்மை இருக்கிறது, முகத்தைப் பார்த்தும் தெரியும். பேசிக்கொண்டே இருந்தவள் பேச்சை நிறுத்தி, உதட்டைக் கடித்து, கண் எங்கேயோ போய்விடும், மேலுதட்டில் வியர்வை அரும்பும், அப்போது பெரும்பாலும் கர்ப்பப்பை வாய் நன்றாகத் திறந்திருக்கும். நானும் அதைப் பார்க்கிறேன். ஆனால் தலை நெரிபடுவது அம்மா முகத்தில் தெரியாது.

டிரிப்ஸ்: அதில் கலப்பது ஆக்சிடோசின், வலியைக் கூட்டும் மருந்து. தேவைப்படும் இடத்தில் நல்ல மருந்து, நானே அது வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் போட்டுவிட்டு யாரும் பக்கத்தில் இல்லாமல் போவது ஆபத்து. 10 நிமிடத்தில் ஐந்து வலிக்கு மேல் வந்தாலோ, ஒரு வலி ஒரு நிமிடத்தையும் தாண்டி நீண்டாலோ, நடுவில் வயிறு தளராமல் கல்லாகவே இருந்தாலோ உடனே கூப்பிடுங்கள், கூச்சமே வேண்டாம். வலிக்கும் வலிக்கும் நடுவில் வயிறு தளரும் அந்த இடைவெளியில்தான் பிள்ளைக்கு ரத்தம் நன்றாகப் போகிறது.

பி.வி.: "வலி வருது, இது போகட்டும்" என்று தாராளமாகச் சொல்லலாம். பார்ப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் பார்க்க வேண்டும், திரை போட்டிருக்க வேண்டும். காலைத் தளர்த்தி வாயால் மூச்சு விட்டால் கொஞ்சம் எளிதாக இருக்கும்.

தாள்: காட்டுங்கள் என்று கேட்பதைவிட, ஒவ்வொரு முறை பார்த்ததும் மூன்றே கேள்வி கேளுங்கள். "எத்தனை சென்டிமீட்டர் சிஸ்டர்? தலை எவ்வளவு இறங்கியிருக்கு? பாப்பா துடிப்பு எவ்வளவு?" இப்படிக் கேட்டால் எங்களுக்குக் கோபம் வராது, பதில் சொல்லும்போது எழுதவும் ஞாபகம் வரும். அம்மாவை உடன் வைத்துக்கொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் ஒரு பெண் துணையை உள்ளே அனுமதிக்கிறார்கள், சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் கேட்பதில்லை. பிள்ளை வெளியே வந்ததும் எல்லோரும் பிள்ளையைச் சுற்றி நிற்பார்கள், அம்மாவைப் பார்க்க ஆள் இருக்காது. முதல் இரண்டு மணி நேரம் கால் மணிக்கு ஒரு முறை நாடி, பிரஷர், ரத்தப்போக்கு, கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொப்புளுக்குக் கீழே தொட்டால் உருண்டையாக, கெட்டியாகத் தட்டுப்பட வேண்டும். தொளதொள என்று இருந்தாலோ, துணி சீக்கிரம் சீக்கிரம் நனைந்தாலோ, தலை சுற்றுகிறது, தாகமாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னாலோ அம்மா ஓடிவந்து சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். இதை அம்மாவிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.


தாமிரபரணி_அத்தை பதில்:

என் மருமகளுக்குப் போன தை மாதம் பிரசவம், அரசு ஆஸ்பத்திரி, உள்ளே துணைக்கு நான்தான் இருந்தேன். இடுப்பை நீவி விட்டேன், நடக்க வைத்தேன், வெந்நீரும் இளநீரும் கொடுத்தேன். ஒரு சின்ன சிஸ்டர், பயிற்சியில் இருக்கிற பெண், என் கையை எடுத்து மருமகள் வயிற்றில் வைத்து "இப்ப இறுகுது பாருங்கம்மா, எண்ணுங்க" என்றது. மூன்று பிள்ளை பெற்றவள் நான், என் வயிறு இறுகியதை வெளியிலிருந்து தொட்டுப் பார்த்ததே இல்லை. அடுத்த மூன்று மணி நேரம் நானும் அந்தப் பெண்ணும் மாறி மாறி எண்ணினோம், அவள் எழுதினாள். பயம் பாதி போய்விட்டது. உங்கள் அம்மாவையும் எண்ணச் சொல்லுங்கள் கண்ணு.


பொதிகைச்சாரல்:

அத்தை, இதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. அம்மாவிடம் கைக்கடிகாரத்துக்கு புது செல் போடச் சொல்லியிருக்கிறேன். கடைசியாக ஒன்று மட்டும் சிஸ்டர், வீட்டிலிருந்து எப்போது கிளம்ப வேண்டும்? சூட்டு வலிக்கு ஓடிப்போய்த் திரும்பி வரவும் கூச்சமாக இருக்கிறது.


இரவுப்பணி_செவிலி பதில்:

திரும்பி வந்தால் வந்தது, அதற்குக் கூச்சப்படவே வேண்டாம். சூட்டு வலி நடந்தால், வெந்நீரில் குளித்தால், சீரகத் தண்ணீர் குடித்துப் படுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். உண்மை வலி இடுப்பில் பிடித்து முன்னால் வரும், நேரம் ஆக ஆக நெருங்கும், அடங்காது. உங்களுக்குத் தலைச்சன் என்பதால் 5 நிமிடத்துக்கு ஒன்று என்று ஒரு மணி நேரம் விடாமல் வந்தால் கிளம்பலாம், ஆஸ்பத்திரி தூரம் என்றால் அதற்கு முன்பே. இவற்றுக்கெல்லாம் வலிக்காகக் காத்திருக்கவே கூடாது: ரத்தம் போனால், பிள்ளை அசைவு குறைந்தால், விடாத தலைவலியோ கண் மங்கலோ வந்தால், பனிக்குடம் உடைந்தால். உடைந்ததும் ஒரு வெள்ளைத் துணியை வைத்து நிறத்தைப் பாருங்கள், மணியைப் பாருங்கள். பச்சையாக இருந்தால் 108ஐக் கூப்பிட்டு அதையே முதலில் சொல்லுங்கள். தண்ணீர் மாதிரி இருந்தாலும் கிளம்ப வேண்டியதுதான், வந்து சேர்ந்ததும் நாங்கள் முதலில் கேட்பது "எத்தனை மணிக்கு உடைஞ்சுது, என்ன கலர்" என்றுதான் இருக்கும்.